அவர் என்ன சொல்லியிருப்பார்?

இரவு பதினொன்றே கால் மணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, சுவரோரம் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தூக்குவாளி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், எக்ஸ்ரே படங்கள் நிறைந்த பிளாஸ்டிக் பை. மூன்று நாட்களாக அதே இடம். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று முறை வைத்துத்தான் சாப்பிடப் போனார்கள்.

உள்ளே இருந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டுநர். வயது நாற்பத்து நான்கு. வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டு மைத்துனரின் பைக்கில் திரும்பும்போது விபத்து. ஹெல்மெட் இல்லை. அன்று மாலை இரண்டாவது பரிசோதனையும் முடிந்து, மூளைச்சாவு உறுதியாகியிருந்தது. அவருடைய மனைவி, அதைச் சொன்ன மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நெஞ்சு ஏறி எறங்குதே டாக்டர்?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டு அந்த வார்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிவிட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. இளம் மருத்துவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், எந்தக் குழாய் வழியாகக் காற்று போகிறது, எந்த இயந்திரம் அதைத் தள்ளுகிறது என்று காட்டினார். “மெஷின்தாம்மா ஏத்தி எறக்குது” என்றார்.

சரி எது, தப்பு எது என்று மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? நூலகம் நிறைய நூல்கள் இதைப் பற்றி உண்டு. இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது அந்த வராந்தாவை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அடுத்த சில மணி நேரத்துக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. படித்துப் பார்க்கவோ, நாலு பேரைக் கலந்து யோசிக்கவோ நேரம் கிடையாது. வெளியே எடுத்த இதயம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் தாங்கலாம். அதற்கும் முன்னால், உடம்புக்குள் இருக்கும்போதே ரத்த அழுத்தம் சரிந்து ஒவ்வொரு உறுப்பாகக் கெடத் தொடங்கும். இவ்வளவும் தெரிந்த பின்னும் அவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

மூளைச்சாவு என்ற சொல்லே நம்மிடம் புதிது. நம் பாட்டன் பூட்டன் கண்ட சாவு வேறு. மூச்சு நின்றது, உடம்பு சில்லிட்டது, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வென்டிலேட்டர் வந்த பிறகுதான், மூளை முழுவதும் செத்த பின்னும் இதயம் துடிக்கிற உடம்பு என்ற ஒன்று உலகத்தில் உண்டானது. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். மறு ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மீள முடியாத கோமாவை மரணமாகவே கொள்ளலாம் என்று வரையறை தந்தது. மரணத்துக்கு ஒரு புதிய இலக்கணம் எழுதப்பட்டதும், அந்த இலக்கணத்தை நம்பி உறவினரை ஒப்படைக்கலாமா என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

ஜப்பான் அந்தக் கேள்வியில் கால் இடறி விழுந்தது. 1968 ஆகஸ்டில் சப்போரோ நகரில் ஜூரோ வாடா என்ற அறுவை மருத்துவர், நீரில் மூழ்கிய ஒரு மாணவரின் இதயத்தை எடுத்து இன்னொரு இளைஞருக்குப் பொருத்தினார். பெற்றுக்கொண்டவர் 83 நாட்கள் வாழ்ந்தார். பிறகு கேள்விகள் கிளம்பின. கொடுத்தவர் நிஜமாகவே இறந்திருந்தாரா? யார் பார்த்துச் சொன்னது? பெற்றுக்கொண்டவருக்கு மாற்று இதயம் தேவைப்பட்டதா? வாடா மீது கொலைப் புகார் வந்தது. வழக்கு நடக்கவில்லை, ஆனால் நம்பிக்கை உடைந்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அனுமதிக்கும் சட்டம் அங்கே வர 1997 ஆகிவிட்டது. மருத்துவத்தில் அவ்வளவு முன்னேறிய நாடு, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. ஒரே ஒரு சம்பவத்தில் மக்கள் மனத்தில் விழுந்த சந்தேகம், எத்தனை நோயாளிகளின் காத்திருப்பை விழுங்கியிருக்கும்!

நம் நாட்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்ற எண்ணம் அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நான்கு மருத்துவர்கள் சேர்ந்து சான்று தர வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள். கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் குழாயில் செலுத்திக்கொண்டு வென்டிலேட்டரை நிறுத்திவிட்டு நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, உயிருள்ள மூளை எப்படியாவது ஒரு மூச்சை இழுக்கச் சொல்லும். அந்த ஒரு மூச்சு வரவில்லை என்றால் மூளை இல்லை. அந்த இளம் மருத்துவர், ஆட்டோ ஓட்டுநரின் மனைவியிடம் சொன்னது இதைத்தான்: “மெஷினை நிறுத்திப் பார்த்தோம்மா. அவரா ஒரு மூச்சுகூட எடுக்கல.”

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுதார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு மக்கள் பேச்சானது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்களுடைய பதினைந்து வயது மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுக்க முடிவு செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயம் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. சென்னைப் போக்குவரத்து போலீஸ் சாலையைத் திறந்துவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. ‘சென்னையில் ஒரு நாள்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு தெரியும். படத்தில் வேகம் தெரிந்தது. எனக்கு நினைவில் நிற்பது வேகம் அல்ல. இருவருமே மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படித் தெரிந்திருந்தும், நெஞ்சு ஏறி இறங்கும் சொந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்று அதை நம்ப வேண்டியிருந்ததே, அதுதான்.

அதே ஆண்டில் அரசாணைகள் அடுத்தடுத்து வந்தன. யாருக்கு உறுப்பு என்பதைப் பொதுவான காத்திருப்புப் பட்டியல் முடிவு செய்யத் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் ரத்தநாள அறுவை மருத்துவராக இருந்த அமலோற்பவநாதன் அந்தத் திட்டத்தின் முதல் ஒருங்கிணைப்பாளராக இருந்து அதைக் கட்டினார். இன்று அது ‘டிரான்ஸ்டான்’ ஆணையமாக வளர்ந்திருக்கிறது. 2023-இல் 178 பேர், 2024-இல் 268 பேர் இறந்த பின் உறுப்புக் கொடை அளித்திருக்கிறார்கள். எண்ணிக்கை இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வராந்தா இருக்கிறது, ஒரு பாய் இருக்கிறது.

எங்கள் வராந்தாவில் அந்த இரவு பேச வந்தவர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள், உட்காரவில்லை. பாயிலேயே உட்கார்ந்தார். முதல் இருபது நிமிடம் உறுப்பு என்ற வார்த்தையே வரவில்லை. இறந்தவர் எப்படிப்பட்டவர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார்களா என்று கேட்டார். இப்படிப்பட்ட ஒருங்கிணைப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் வேலையை சென்னையில் 1997-இல் தொடங்கிய மோகன் அறக்கட்டளை நீண்ட காலமாகச் செய்துவருகிறது. அந்தப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது துக்கத்தைக் கேட்கத்தான்.

முதலில் பேசியவர் இறந்தவரின் தம்பி.

“வேணாம் மேடம். எங்கண்ணன முழுசா எடுத்துட்டுப் போறோம். கூறு போட்டுக் குடுக்கறதுக்கா கொண்டாந்தோம்?”

கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் வாதாடவில்லை. “சரிங்க தம்பி” என்றார். அண்ணனை முழுசாக வழியனுப்ப வேண்டும் என்பது அந்தத் தம்பியின் அறம். கல்வியறிவு இல்லாததால் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வது தவறு. நன்கு படித்த குடும்பங்களும் அதைத்தான் சொல்கின்றன. செத்தவருக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடமை என்று ஒன்று எல்லா மக்களிடமும் இருக்கிறது. அந்தக் கடமைக்கும், யாரென்றே தெரியாத ஒரு நோயாளிக்கும் நடுவில் அவர்கள் நிற்கிறார்கள். மறுத்துவிட்டுப் போகிறவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எழுதுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

மேடைகளில் சிபிச் சக்கரவர்த்தியைச் சொல்வார்கள், கண்ணப்பரைச் சொல்வார்கள், கர்ணனைச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சிபி அரிந்தது தன் தசையை. கண்ணப்பர் தோண்டியது தன் கண்ணை. இந்தப் பெண்ணிடம் கேட்கப்படுவது கணவருடைய உடம்பை. தன்னுடையதைக் கொடுப்பதில் இருக்கிற தெளிவு இதில் கிடையாது. “இது எனக்குச் சொந்தமா, நான் எடுத்துக் குடுக்கலாமா?” என்ற தயக்கத்தில் ஒரு பெரிய நாணயம் இருக்கிறது.

சில நாடுகள் இந்தத் தயக்கத்தைச் சட்டத்தால் தாண்டப் பார்த்தன. மறுத்து எழுதி வைக்காவிட்டால் சம்மதம் என்றே கொள்வோம் என்றார்கள். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்ற முறை இருந்த ஜெர்மனியில் சம்மதம் 12 விழுக்காடு. பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே மொழி பேசும் ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு, ஏனென்றால் அங்கே வேண்டாதவர்கள்தான் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு நாட்டு மக்களின் மனச்சாட்சியில் இவ்வளவு வித்தியாசம் இருக்க முடியாது. படிவத்தில் இருந்த வித்தியாசம் அது. நாம் யோசித்து முடிவெடுத்ததாக நம்புகிற பலவற்றை யாரோ ஒரு குமாஸ்தா வரைந்த கட்டம் முடிவு செய்திருக்கிறது என்பது எனக்குச் சங்கடமான செய்திதான்.

ஆனால் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். 1979 சட்டப்படி அங்கேயும் மறுக்காதவர் எல்லோரும் கொடையாளர். நடைமுறையில் ஒரு குடும்பத்தைக்கூடக் கேட்காமல் அவர்கள் எடுப்பதில்லை. சட்டம் வந்து பத்து ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவுமில்லை. 1989-இல் ரஃபேல் மட்டேசான்ஸ் தலைமையில் ஒரு தேசிய அமைப்பு உருவாகி, மருத்துவமனைதோறும் தீவிர சிகிச்சை மருத்துவர்களையே பயிற்றுவித்து ஒருங்கிணைப்பாளர்களாக நியமித்த பிறகுதான் நிலைமை மாறியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தில் முன்னணியில் நிற்கிறார்கள். யார் கேட்கிறார்கள், எந்த நேரத்தில், எந்தக் குரலில், அதற்கு முன் மூன்று நாட்கள் அந்தக் குடும்பத்தை மருத்துவமனை எப்படி நடத்தியது என்பதெல்லாம் சட்ட வாசகத்தைவிடக் கனமாக இருந்தன. வாட்ச்மேனிடம் திட்டு வாங்கி, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாமல் தாங்களே தள்ளி, ஒரு ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் நின்ற குடும்பத்திடம் திடீரென்று ஒருவர் வந்து அன்பாகப் பேசினால் அவர்களுக்கு என்ன தோன்றும்? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை என்றுதான்.

அந்தச் சந்தேகத்துக்கு நம்மூரில் ஒரு வரலாறும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடசென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்தது. கடனில் மூழ்கிய குடும்பங்கள் சிறுநீரகத்தை விற்றன. 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றியது. 71 விழுக்காட்டினர் பெண்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, நான்கில் மூன்று பேர் அப்போதும் கடன்காரர்களாகவே இருந்தார்கள். விலா ஓரத்தில் நீளத் தழும்பு, வெயிலில் நின்று வேலை செய்ய முடியாத உடம்பு, வாசலில் அதே வட்டிக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு எண்ணூர் பக்கத்து மீனவப் பெண்கள், 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்கள் என்று அது ஊர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வணிகமாகச் செய்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. தரகர்கள் குறையவில்லை.

அவர் உடம்பு, அவர் விற்கிறார், உங்களுக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுதந்திரம் என்ற நல்ல சொல்லை வைத்தே கேட்கிறார்கள். என் பதில் இது: கந்துவட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற முடிவைச் சுதந்திரம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. விற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

பணம் கைமாறாத இடத்திலும் இந்தக் கேள்வி விடாது. உயிரோடிருக்கும் உறவினர் கொடுக்கும் கொடையில் பெரும்பாலும் கொடுப்பவர் பெண், பெறுபவர் ஆண். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்றுகளில் பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்கிறது தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு. அம்மா கொடுக்கிறாள், மனைவி கொடுக்கிறாள், அக்கா கொடுக்கிறாள். “அவர் சம்பாதிக்கிறவர், அவருக்கு எதுவும் ஆகக் கூடாது” என்று அவர்களே சொல்கிறார்கள். மனமுவந்து கொடுப்பவர்கள் ஏராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானால் வீட்டில் எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்று பார்த்தால், தியாகம் என்று நாம் புகழ்வதில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.

இன்னொரு பயம் ஊர் வாய். “புருஷன் உடம்ப வித்துட்டா” என்று ஒரு வார்த்தை டீக்கடையில் கிளம்பினால் போதும், அந்தப் பெண் ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். உறுப்பு கொடுத்ததற்கு ஒரு பைசா கிடையாது என்று அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புக் கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். இது வெறும் சடங்குதானே என்று முதலில் நினைத்தேன். ஒரு கிராமத்தில் அதை நேரில் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. சின்னத் தெரு. அரசு கார் உள்ளே வர முடியாமல் கோயில் பக்கம் நிற்கிறது. அதிகாரிகள் நடந்து வந்து, ஓலைக் கொட்டகையின் கீழ் குனிந்து, ஒரு கூலித் தொழிலாளியின் காலடியில் மலர்வளையம் வைக்கிறார்கள். தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. விற்றார்களோ என்ற பேச்சு அங்கேயே அடங்கிப்போனது.

வராந்தாவுக்குத் திரும்புகிறேன். மணி ஒன்று இருக்கும். தம்பி எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இறந்தவரின் அம்மா சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அந்த மனைவியிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

“இத அவர்கிட்டயே கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பாரு?”

அவர் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. யார்தான் சொல்லி வைக்கிறோம்? விளக்கு வைக்கிற நேரத்தில் சாவைப் பற்றிப் பேசினால் ‘வாயக் கழுவு’ என்பார்கள். சொத்து யாருக்கு என்று எழுதி வைக்கத் துணிகிற வீட்டிலும், நான் போன பிறகு என் உடம்பை என்ன செய்யலாம் என்ற பேச்சு வருவதில்லை. அதனால் இந்தக் கேள்வி, பதில் தெரியாத ஒருவர் மேல் அகாலத்தில் வந்து விழுகிறது.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு அந்த மனைவி சம்பந்தமில்லாத ஏதோ சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“ரெண்டு வருசம் முன்னாடி பைபாஸ்ல ஒருத்தர் அடிபட்டுக் கெடந்தாராம். யாரும் தூக்கல. இவருதான் ஆட்டோல இருந்த சவாரிய எறக்கி வுட்டுட்டு அவரத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் ரத்தம். போலீஸு கேஸுன்னு அலைய விடுவாங்க, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு நான் சண்ட போட்டேன். ஒண்ணும் பேசல. சீட்ட மூணு தடவ கழுவுனாரு. அன்னிக்கு சவாரியும் போவல.”

கொஞ்சம் நிறுத்தினார்.

“அந்த ஆளு பொழச்சாரா இல்லையான்னு மறுநாள் போயி கேட்டுட்டு வந்தாரு. பொழச்சுட்டாராம்.”

அதன் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகமொத்தம் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற கணக்கு அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. புண்ணியம், மோட்சம் என்றும் பேசவில்லை. தன் மனிதர் எப்படிப்பட்டவர் என்று யோசித்தார், அவருடைய ஒரு நாளை நினைவிலிருந்து எடுத்து வைத்தார், அதிலிருந்து பதிலை எடுத்துக்கொண்டார். இருபது ஆண்டுகள் கூட வாழ்ந்த ஒருத்திக்கு மட்டுமே கிடைக்கிற சாட்சியம் அது.

“அத்தை?” என்று மாமியாரைப் பார்த்தார். கிழவி கண் திறக்காமலே, “அவன் அப்படித்தான்” என்றார்.

படிவம் வந்தது. கொழுந்தனைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்களும் பக்கத்துல இருங்க” என்றார் அந்த அண்ணி. அவர் வந்து நின்றார், பேசவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். சிறுநீரகம் இரண்டு. கல்லீரல். இதயம். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கண்கள் என்றதும் கையை நீட்டித் தடுத்தார்.

“கண்ணு மட்டும் வேணாம் மேடம். ஊர்ல புள்ளைங்க ரெண்டும் இருக்கு. அப்பா மொகத்தப் பாக்கணும்.”

கருவிழியை எடுத்தால் முகம் மாறாது, இமை மூடியே இருக்கும் என்று ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்து சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார், அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, “இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா” என்றார். அந்த அம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். தம்பி குனிந்து, காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.